மருமகன் சட்டம்

“நம்மட ஆம்புளைகளுக்குப் பொறந்த ஊர் ஒண்டு, சோறு திங்கிற ஊர் ஒண்டு. நீங்க என்னடாண்டா…”

இவ்வளவுதான் தம்பி எனக்கு ஞாபகம் இருக்கிறது. லீக் தொடக்க விழாவில் எங்கள் வண்ணக்கர் ஐயா பேசியது. வண்ணக்கர் என்றால் கோயில் பொறுப்பு பார்க்கிறவர். எண்பது வயதை எட்டிப் பிடிக்கிற மனிசன், வாழ்க்கையில் ஒரு பந்தையும் உதைத்திருக்க மாட்டார். ஆனால் மைக் கிடைத்தால் விடமாட்டார். அந்த ‘என்னடாண்டா’வுக்குப் பிறகு ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்கரைக்காரர் பேண்ட் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நல்லதாய்த்தான் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

இருங்கள், எழும்பாதீர்கள். பாதை இப்போதைக்கு வராது. பாதை என்று நாங்கள் சொல்வது இந்த மிதவையைத்தான். ஆள், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும். இன்றைக்கு இயந்திரம் பழுது. அக்கரையில் நிறுத்திவைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மோட்டார் சைக்கிளை நிழலில் விடுங்கள். இந்த வாழைக்குலையைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன், நீங்கள் கால் நீட்ட இடம் வேண்டாமா.

நீங்கள்தானே கேட்டீர்கள், அந்தக் கோல் கம்பத்தில் ஏன் மாடு கட்டியிருக்கிறது என்று. வவுனியாவிலிருந்து வந்த உங்களுக்கு அது ஒரு கம்பம். எனக்கு அப்படியில்லை. அதை நட்டது நான். சும்மா சொல்லவில்லை, குழி தோண்டியதே நான்.

எட்டுக் கழகம் தம்பி. இக்கரையில் நாலு ஊர், அக்கரையில் நாலு ஊர். வாவிக்கரை உதைபந்தாட்ட லீக். ஒன்றரைப் பருவம் நடந்தது. ஒன்றரை என்று நான்தான் சொல்கிறேன், மற்றவர்கள் அந்த அரையைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நான் இந்த ஊரான் இல்லை. பிறந்தது மருதஞ்சேனை. அங்கே அக்கரையில் தண்ணீர்த் தாங்கி தெரிகிறதே, அதற்குப் பின்னால். கலியாணம் முடித்தது இக்கரையில், இந்தக் கொக்குமுனையில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குப் புதிதாய் இருக்கும். இங்கே பெண்பிள்ளைக்குத்தான் வீடு வளவு. அவள் ஊரைவிட்டுப் போகமாட்டாள். ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டும். என் அப்பா அப்படிப் போனவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நான் பெட்டியோடு இந்தத் துறையில் இறங்கியபோது இளந்தாரி. வலது ஓரத்தில் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. வந்த கிழமையே கொக்குமுனை உதயதாரகைக் கழகத்தில் சேர்ந்தேன். ஒரு பருவம் முழுக்க ஓடினேன். ஒருத்தனும் எனக்குப் பந்து தரவில்லை. தனியாக நின்று கையைத் தூக்குவேன். இடது பக்கம் மூன்று பேர் மறித்துக்கொண்டு நிற்கிற இடத்துக்கே பந்து போகும். கூப்பிடுவதும் “டேய் மருதஞ்சேனையான்” என்றுதான். அதை நான் பெரிதாய் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்த ஊருக்காக இவ்வளவு பாடுபட்டிருப்பேனா? பிறகு டோஹாவுக்குப் போனேன். பதினெட்டு வருசம். ஒரு விளையாட்டுக் கழகத்தின் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. லீக் என்றால் என்ன, எப்படி நடத்துவது, எல்லாம் அங்கே கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்த வருசம் இங்கே ஒரு சுற்றுப்போட்டி. இறுதி ஆட்டம். வென்ற கழகத்தின் பதினொரு பேரில் எட்டுப் பேர் வெளியூரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் பக்கத்தில் நின்றவனிடம், “மச்சான், இது எந்த ஊர்?” என்று கேட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் காதால் கேட்டேன். அன்றைக்கு முடிவெடுத்தேன், இதை இப்படி விடக்கூடாது என்று.

அப்படி வந்ததுதான் நாலாம் விதி. ‘ஒரு வீரர் தாம் நிரந்தரமாக வசிக்கும் ஊரின் கழகத்துக்கு மட்டுமே விளையாடலாம். வதிவிடத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும்.’ நான்தான் எழுதினேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன், பிறகு தமிழில். மிசன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பாஷையும் ஒழுங்காய்ப் படித்தவன். ஆங்கிலத்தில் இருந்தால்தான் எங்கள் ஆட்கள் அதைச் சட்டமென்று மதிப்பார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் வாசித்துக் காட்டினேன். எட்டுக் கழகத் தலைவர்களும் எழும்பி நின்று சம்மதித்தார்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் மனைவி ஊரில் குடியிருக்கிறவர்கள் தம்பி! பெட்டி தூக்கி வந்தவர்கள்! ஒருத்தருக்கும் அது மூளையில் தட்டவில்லை. பிறகு எனக்கு மட்டும் எப்படித் தட்டும்? ஆனால் பழி மட்டும் எனக்கு.

முதல் பருவத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தத் துறை திருவிழா. பாதை கொள்ளாமல் சனம் தோணியில் வரும். ஐஸ்கிரீம் வான் இரண்டு நிற்கும். நான் டோஹாவிலிருந்து கொண்டுவந்த நாலு வலை, இந்தப் பக்கத்தில் முதல்முறையாக கோலுக்கு வலை! பந்து வலையில் விழுந்து நிற்பதைப் பார்க்கவே கிழவன்மார் வருவார்கள். அதற்கு முன்பு கோல் போட்டால் பந்து எடுக்கப் பற்றைக்குள் போகவேண்டும்.

எங்கள் கோலுக்குள் நின்றவன் சதாகரன். அவன் நின்றால் கோலுக்குக் கதவு போட்ட மாதிரி. ஒரு வியாழக்கிழமை இதே இடத்தில் நிற்கிறான், கையில் பெட்டி, புதுச் சேட்டு.

“என்னடா சதா, பெட்டியோட?”

“மாமியார் வீட்ட போறன் அண்ணே. கலியாணம் முடிஞ்சு அஞ்சு நாள் போயிட்டு. இனி அங்கதான்.”

“நல்லாரு. ஞாயித்துக்கிழமை மெட்ச், மறந்திராத.”

“மறக்கல்ல அண்ணே. எந்தக் கோலுக்குள்ள நிக்கிறதெண்டுதான் விளங்கல்ல.”

நான் சிரித்தேன். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன்.

மாமியார் வீடு எங்கே? மருதஞ்சேனையில். ஞாயிற்றுக்கிழமை மருதஞ்சேனைக்காரர் கிராம சேவகரின் வதிவிடச் சான்றோடு வந்து நிற்கிறார்கள். “சதாகரன் இப்ப எங்கட ஆள், நாலாம் விதி” என்றார்கள். நான் என்ன செய்ய? நான் லீக் தலைவர். விதியை எழுதியவன் நான். “விதி விதிதான்” என்றேன். அரையிறுதி. கடைசி நிமிசத்தில் எங்களுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவன் சதாகரனின் சொந்தத் தம்பி. அடித்தான். அண்ணன் பிடித்தான். முடிந்தது கதை. தாய்க்காரி இந்தக் கரையில்தான் இருந்தா. நேரே என்னிடம் வந்தா.

“அடிச்சவனும் என்ட புள்ள, புடிச்சவனும் என்ட புள்ள. கத்துறதா, குளறி அழுறதா எண்டு தெரியாம வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். உங்கட சட்டத்தத் தூக்கி வாவிக்குள்ள போடுங்க தம்பி.”

பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். பருவம் முடிந்ததும் எல்லா ஊருக்கும் புத்தி வந்துவிட்டது. கலியாணம் பேசினால் ஆட்டக்காரன் கிடைப்பான்! புரோக்கர் நல்லதம்பி என்று ஒருத்தர், வாழ்க்கையில் மைதானம் பக்கம் வராதவர், பயிற்சி நடக்கிற இடத்தில் குடையோடு வந்து உட்கார்ந்தார். “அந்த ஏழாம் நம்பர் என்ன குடி? தாய் ஆர்?” என்று விசாரிக்கிறார். குடி என்றால் தாய்வழி வம்சம். பெண்ணின் தகப்பன்மார் முன்பெல்லாம் பையன் என்ன வேலை என்று கேட்பார்கள். இப்போது தலையால் அடிப்பானா என்று கேட்டார்கள். கழகத் தலைவர்கள் வெற்றிலைத் தட்டத்தோடு வீடு வீடாய்ப் போனார்கள். இன்னொரு பக்கம், உள்ளவனைக் காப்பாற்றுகிற வேலை. நல்ல ஆட்டக்காரனுக்கு வெளியூரில் சம்பந்தம் வந்தால் கழகமே போய்க் குழப்பியது. ஒரு தாய் என் வீட்டுக்கு வந்து அழுதா: “என்ட மகனுக்கு முப்பத்தி ரெண்டு வயசு சேர். மூணு இடம் வந்திச்சி, மூண்டையும் கழகம் குழப்பிட்டு. பந்துக்கா நான் புள்ள பெத்தன்?”

பின்வரிசைக்கு ஜனகன் என்று ஒரு மலை மாதிரிப் பையன், நாவலூரில். அவனுக்கு எங்கள் ஊரில் பெண் பார்த்தால் எல்லாம் ஒரே குடி. தாய்வழியில் ஒரே குடி என்றால் தங்கச்சி முறை, கட்டமுடியாது. எங்கள் கழகச் செயலாளர் குலேந்திரன் வேறு குடியில் ஒரு பெண் இருக்கிறதா என்று ஊர் முழுக்கச் சல்லடை போட்டான். கடைசியில் ஒரு பெண் கிடைத்தா. ஐம்பத்தாறு வயது.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு ஊரும் என் விதிக்குப் பெயர் வைத்துவிட்டது. மருமகன் சட்டம்.

எங்கள் ஊரில் என்னைக் கண்டால் முறைத்தார்கள். சதாகரனைக் கொடுத்தது நானாம். மருதஞ்சேனையான்தானே, தன் ஊருக்குச் செய்துவிட்டான் என்று கதை. சந்தையில், கோயிலில், தேத்தண்ணிக் கடையில். இருபது வருசத்துக்கு மேல் இந்த ஊர் மருமகன் தம்பி! இந்த ஊர்க் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவன்! குலேந்திரன் ஒருநாள் சொன்னான், “அண்ணே, உங்கட வீட்டயும் ஒரு பொண் புள்ள இரிக்குதானே.” அவனை நல்லாய் ஏசினேன். மகளையும் பந்தையும் ஒன்றாய்ப் பேசுகிறாயா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் மருதஞ்சேனையில் பிரதீபன் என்ற பையனின் சம்பந்தம் என் மகளுக்கு வந்தது. அது தற்செயல். நான்தான் ஆள் அனுப்பிக் கேட்டேன், அது மெய். ஆனால் பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல பையன். குடி இல்லை, சிகரெட் இல்லை, பிரதேச சபையில் நிரந்தர வேலை, இடது கால். தாய் நல்ல மனிசி. என் சொந்த ஊர்ப் பிள்ளை, சின்னதிலிருந்து குடும்பம் தெரியும். இப்படி ஒரு மாப்பிள்ளை உங்களுக்குக் கிடைத்தால் விடுவீர்களா?

இடது கால் என்று ஏன் சொன்னேன் என்று பார்க்கிறீர்கள். வாயில் வந்தது. விடுங்கள்.

என் மகள் சுகிர்தா. ஒரே பிள்ளை. உயர்தரம் நல்லாய்ச் செய்துவிட்டு, பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆசிரியர் பயிற்சி. விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும், வேறு மாவட்டம். கலியாணம் முடித்த பிள்ளைகளை எடுக்கமாட்டார்களாம். சம்பந்தத்தைச் சொன்னபோது, “அப்பா, கொஞ்சம் பொறுங்களன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னது. “கல்லூரி எங்கயும் ஓடாது மகள். நல்ல பொடியன் ஓடிருவான்” என்றேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். சம்மதம் இல்லையென்றால் பிள்ளை வாய் திறந்து சொல்லாதா?

கலியாணம் பேசி வைத்தோம். எழுத்து பிறகு என்று விட்டோம். எழுத்து என்றால் பதிவு, உங்கள் பக்கமும் அப்படித்தானே சொல்வீர்கள். ஆனால் இரண்டாம் பருவத்துக்கு ஆட்டக்காரர் பதிவு முடிகிற நாள் வந்துவிட்டது. எங்கள் கிராம சேவகர் எனக்கு மச்சான் முறை. “அத்தான், பொடியன் உங்கட வீட்டதானே இரிக்கப்போறான்?” என்று கேட்டார். “பின்ன வேற எங்க?” என்றேன். சான்று தந்தார். இதில் எங்கே பொய் இருக்கிறது? வரப்போகிற மருமகன். இன்றைக்கு வந்தால் என்ன, ஆறு மாதம் கழித்து வந்தால் என்ன?

பிரதீபன் உதயதாரகை ஜேர்சியில் இறங்கினான். மூன்று ஆட்டமும் வெற்றி. நாலாவது ஆட்டம் மருதஞ்சேனையோடு, அவர்கள் மைதானத்தில். பையன் அன்றைக்குச் சரியாய் ஓடவில்லை, முகம் செத்துப்போய் இருந்தது. ஆனால் கடைசியில் பந்து காலுக்கு வந்தது. அந்த இடது கால் தம்பி! சதாகரன் பாய்ந்தான், விரல் நுனியும் படவில்லை. பந்து வலையில். என் வலை. பையன் கை தூக்கவில்லை, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். எங்கள் சனம் மைதானத்துக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். என்னை! யாரோ ஒருத்தன் கத்தினான், “நம்மட புவி அண்ணன்!” என்று. யார் கத்தியது என்று இன்றைக்கும் தெரியாது. பாதையில் திரும்பி வரும்போது ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன்.

அடுத்த நாள் மருதஞ்சேனை ஆட்சேபம். பிரதீபன் இன்னும் தாய் வீட்டில்தான் படுக்கிறான், தாய் வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்று. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மருதஞ்சேனைக் கழகத் தலைவர் சோமண்ணன், அவர் எனக்கு ஒன்றுவிட்ட தமையன்தான். மத்தியஸ்தர் அந்தோனி மாஸ்டர். நாவலூரிலிருந்து ஒருத்தர், பெயர் மறந்துபோனேன், அவர் வாயே திறக்கவில்லை.

அவர்கள் வருவார்கள் என்று தெரியும். அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. பிரதீபனின் ஜேர்சி எங்கள் வீட்டில் கிடந்தது, ஆட்டம் முடிய என்னிடம் தந்தது, கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்தேன். கழுவிக் காயப்போடுவது குற்றமா? வாசலில் ஒரு சோடி ஆண் செருப்பு கிடந்தது. என்னுடையதுதான், புதுசு. அது யாருடையது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்தோனி மாஸ்டர் கொடியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், “எல்லாம் சரியாத்தான் கிடக்கு” என்று எழும்பப் பார்த்தார். சோமண்ணன் விடவில்லை. “புள்ளையிட்ட ஒரு சொல் கேட்டிட்டுப் போவம்” என்றார். சுகிர்தா கதவோரத்தில் நின்றாள்.

“மகள், பிரதீபன் இந்த வீட்டதானா இரிக்கான்?” அந்தோனி மாஸ்டர் கேட்டார். மெதுவாய்த்தான் கேட்டார். சின்ன வகுப்பில் அவளுக்குப் படிப்பித்தவர்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு ‘ஓம்’ தம்பி. ஒரே ஒரு ‘ஓம்’. தலையை ஆட்டியிருந்தாலும் போதும்.

“இல்ல சேர். அவர் இந்த வீட்டில ஒரு நாளும் சோறு திண்டதில்ல.”

சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய், கொடியில் கிடந்த ஜேர்சியை எடுத்து, மடித்து, கொண்டுவந்து சோமண்ணன் கையில் கொடுத்தாள். “இத அவங்கட அம்மாட்டக் குடுத்திருங்க பெரியப்பா. இன்னும் கொஞ்சம் ஈரம் கிடக்கு.”

அன்றைக்கு முடிந்தது லீக். எங்கள் புள்ளி எல்லாம் வெட்டுப்பட்டது. உதயதாரகைக்காரர் இரவோடிரவாக விலகினார்கள், லீக் தலைவரான என்னையும் ஏசிவிட்டு. யார் முதலில் “மருதஞ்சேனையான் புத்தியக் காட்டிட்டான்” என்று சொன்னது தெரியுமா? குலேந்திரன்! என்னைத் தோளில் தூக்கியவர்களில் அவனும் ஒருத்தன். அக்கரையில் என்ன சொன்னார்கள்? ‘கொக்குமுனையான் எங்கட பொடியனைக் களவெடுத்தான்.’ ஒவ்வொரு கழகமாய்க் கழன்றது. இறுதி ஆட்டம் நடக்கவே இல்லை. கோப்பை என் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. வலைகளை என் மனைவி எடுத்துக் கத்தரித் தோட்டத்துக்கு மேலே போட்டுவிட்டாள், மயில் வருகிறதாம். டோஹா வலை தம்பி.

பிரதீபனை எந்தக் கழகமும் எடுக்கவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பின்னேரங்களில் அக்கரைத் துறையில் தனியாக நின்று பந்தைக் காலால் தட்டிக்கொண்டு நிற்பானாம். கண்டவர்கள் சொன்னார்கள்.

எல்லாரும் அவ்வளவுதான் என்றார்கள். நான் விடவில்லை. இந்த ஏழு எட்டு மாதமாய் ஒவ்வொரு ஊராய் அலைந்தேன். நாலாம் விதியைத் திருத்தி எழுதினேன். ‘எழுத்து முடிந்த நாளிலிருந்து வீரர் மனைவியின் ஊரில் வசிப்பவராகக் கருதப்படுவார்.’ எவ்வளவு தெளிவு பாருங்கள். இனி யாரும் யார் எங்கே சோறு தின்கிறான் என்று சட்டிக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஐந்து கழகம் சம்மதித்துவிட்டது. குலேந்திரனும் திரும்ப என்னோடு சேர்ந்து ஓடித்திரிகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தோனி மாஸ்டர்தான் சொன்னார்: “புவி, அதுக்கு முதல் உங்கட வீட்டு எழுத்த முடிங்க. எழுத்து முடிஞ்சா அந்தப் பொடியன் கொக்குமுனையான்தான், பழைய கதைய ஆரும் கிண்டேலாது. முடியாட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க.” எழுத்து இல்லையென்றால் லீக் இல்லை. இப்படிப் பச்சையாய்ச் சொன்னார்.

அதுதான் இன்றைக்குப் போகிறேன். குலையும் வெற்றிலையும் அதற்குத்தான். பையனின் தாய்க்கும் அவசரம். பதிவாளர் வெள்ளிக்கிழமை வரலாம் என்கிறார். நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்துத்தான் போன கிழமை கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம். அவளுக்கு இடம் நிச்சயம் என்று பாலர் பாடசாலையில் எல்லாரும் சொல்கிறார்களாம். எழுத்து முடிந்தால் போகமுடியாது. எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். ஆனால் இந்த வருசம் விட்டால் அந்த ஐந்து கழகமும் திரும்ப ஒன்றாய் இருக்காது. எனக்கும் வயது போகிறது. இந்த ஊரில் நான் செய்த ஒரு காரியம் என்று ஒன்று நிற்கவேண்டாமா?

என் மனைவி என்னோடு சரியாய்க் கதைத்து மூன்று நாள். நேற்றுத்தான் வாய் திறந்தாள். தொடக்க விழாவில் வண்ணக்கர் என்ன சொன்னவர் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம். அவள் மேடைக்குப் பக்கத்தில் பெண்களோடு இருந்தவள், அவளுக்குக் கேட்டதாம். “நீங்க என்னடாண்டா, அந்த வீட்டுப் பொம்புளப் புள்ளையிட்ட ஒரு சொல்லும் கேக்காம சட்டம் எழுதிரிக்கீங்க” என்று சொன்னாராம். இட்டுக்கட்டுகிறாள். உதைபந்தாட்ட விதியில் பெண்பிள்ளையிடம் என்ன கேட்பது? வண்ணக்கரிடமே கேட்கலாம் என்றால் அவர் போன தையில் காலமாகிவிட்டார்.

பையனும் சேர்ந்துகொண்டான். போனில் மகளோடு கதைப்பான்போல. “நீங்க படிச்சிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடமாட்டன்” என்று சொன்னானாம். முன்வரிசையில் விளையாடுகிறவன் சொல்கிற கதையா இது? ஓடமாட்டானாம்!

அங்கே பாருங்கள், இயந்திரம் இயங்கிவிட்டது. புகை தெரிகிறது. இன்னும் கால் மணித்தியாலத்தில் இங்கே நிற்கும்.

என்ன கேட்டீர்கள்?

மகள் என்ன சொல்கிறாள் என்றா?

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விசாரணை நாளுக்குப் பிறகு என்னோடு அதிகம் கதைப்பதில்லை. தேத்தண்ணி வைப்பாள், “சாப்பிட வாங்க அப்பா” என்பாள். நானும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கவேண்டும்? கேட்டால் அன்றைக்குச் சொன்ன மாதிரி எதையாவது சொல்லிவைப்பாள்.

காலையில் குலை கட்டக் கயிறு தேடி அவளுடைய அறைக்குள் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. புதுசு, நீல நிறம், சில்லு வைத்தது. சம்பளத்தில் வாங்கியிருப்பாள். “இது ஆருக்கு மகள்?” என்று கேட்டேன். “எனக்குத்தான் அப்பா” என்றாள். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெட்டி வாங்குவதில்லை தம்பி. பெட்டி ஆண்களுக்குத்தான். நான் இந்தத் துறையில் இறங்கிய அன்றைக்கு என் கையில் இருந்த பெட்டி இன்னும் வீட்டில் கிடக்கிறது, அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில். தகரப் பெட்டி. அன்றைக்கு அந்தப் பெட்டியோடு இங்கே நின்றபோது, போக விருப்பமா என்று ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. நான் சொல்லுகிறேனே, அது வழக்கம். கேட்க என்ன இருக்கிறது?

அவளுடைய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு துணியும் இல்லை. வெறும் பெட்டி. இன்னும் ஒன்றும் அடுக்கவில்லை.

பாதை வருகிறது. எழும்புங்கள். ஒரு நிமிசம், இந்த போனை…

“ஹலோ, குலேந்திரன்? ஓம், நான்தான். துறையடியில நிக்கன். ஞாயித்துக்கிழமைக் கூட்டம் இல்ல. ஓம், இல்ல. அஞ்சு கழகத்துக்கும் சொல்லிரு. … அதெல்லாம் பிறகு. வை.”

தம்பி, குலையில் ஒரு பக்கம் பிடியுங்கள், கனம். அக்கரையில் இறக்கித் தந்தால் போதும், அங்கிருந்து வீடு கிட்ட. குலையைக் கொடுத்துவிட்டு, எழுத்து இப்போது இல்லை, பிள்ளை படித்து முடித்து வந்த பிறகு என்று சொல்லப்போகிறேன்.